கரிக்கோட்டுக்குக் கீழே

பாடை தோள் மாறியபோது விஜேந்திரன் காரை ஸ்டார்ட் செய்தான். மத்தியானம்தான். ஆனாலும் சாவு ஊர்வலத்தோடு போகிற வண்டி லைட்டைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அதோடு அன்றைக்குப் பனி இறங்கிவிட்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் நிற்பது தேயிலைச் செடியா ஆளா என்று சொல்ல முடியவில்லை. காரின் இரண்டு லைட்டும் ஒரு தரம் தரையைப் பார்த்துக் குனிந்தன, பிறகு நிமிர்ந்தன. எப்போது ஸ்டார்ட் செய்தாலும் அவை அப்படித்தான் செய்யும். ஆனால் இன்றைக்கு முழுதாக நிமிரவில்லை.

சுதர்ஷினி லயத்து வீட்டு வரிசையின் கோடியில் மற்றப் பெண்களோடு நின்றாள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. அவள் புருஷன் ரஜீவ் ஈர வேட்டியோடு முன்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் தப்பு அடிப்பவர்கள், அப்புறம் அவன் அப்பா, அவளுடைய மாமா ரெங்கசாமியின் பாடை, கடைசியாகக் கார். அந்த வெளிச்சம் பாடையைத் தாண்டி முன்னே போய் விழ வேண்டும். அது தூக்குகிறவர்களின் குதிகாலோடு நின்றுவிட்டது. பின்சீட்டில் ஆள் ஏறினால்தான் அந்த லைட்டு கீழே இறங்கும். பின்சீட்டில் யாருமே இல்லை. ஓட்டுகிற விஜேந்திரன் நாத்தனாரின் புருஷன், பண்டாரவளையிலிருந்து வந்தவன். லைட்டு எங்கே விழ வேண்டும் என்று அவனுக்குத் தெரிய நியாயமில்லை.

அவளுக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது. மாமாவைக் குழிக்குக் கொண்டுபோகிற நேரத்தில் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஊர்வலம் திருப்பத்தில் மறைந்தது. தப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் பனிக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த லைட்டைப் பற்றி அவளுக்கு ஏன் இவ்வளவு தெரியும் என்றால், சுவரில் அதற்கு அளவுக்கோடு போட்டவளே அவள்தான்.

ரஜீவ் ஹயர் ஓடுகிறவன். பசறையிலிருந்து பதுளைக்கும், சில நாள் பண்டாரவளைக்கும் ஆள் ஏற்றிப் போவான். கார் பழைய ஜப்பான் கார். அதில் வந்தது சாதாரண மஞ்சள் லைட்டு. மழை பெய்தால் மினுக்குப் பூச்சி அளவுக்குத்தான் எரியும். அதே மாதிரிக் காரில் விலை கூடியதற்குக் கம்பனியிலேயே செனான் லைட்டு பூட்டி வரும். அப்படி ஒரு காரிலிருந்து கழற்றிய சோடி பதுளையில் அஸீஸ் நானாவின் கராஜுக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ரஜீவுக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் பல்பை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் போனான். அஸீஸ் நானா விரட்டிவிட்டார்.

"போடுறதா இருந்தா கம்பனி போட்ட மாதிரி முழுசாப் போடுங்க தம்பி. இல்லாட்டி மஞ்ச லைட்டோடயே ஓடுங்க. எதிர்ல வாறவன் கண்ணு கூசிப் பள்ளத்துல போனா யாரு பதில் சொல்றது?"

முழுசாகப் போடுவது என்றால் லைட்டுக் கூடு, அதற்குக் கரண்டு ஏற்றுகிற பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பின் சில்லுப் பக்கம் பூட்டுகிற ஒரு சின்ன சென்சர். விரல் நீளத்துக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். பின்னால் பாரம் ஏறினால் காரின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், வெளிச்சமும் மேலே ஏறி எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அப்படி ஆகாமல் அந்தக் கம்பி பாரத்தை உணர்ந்து லைட்டைத் தானாகக் கீழே இறக்கிவிடும். பாரம் இல்லாதபோது அது இறக்கவே இறக்காது.

பூட்டி முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, லயத்துக் கோடிச் சுவருக்கு எதிரே சமதரையில் நிறுத்தி அளவு பார்த்தார்கள். செனான் வெளிச்சத்துக்கு மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். மேலே இருட்டு, கீழே வெள்ளை. அந்த விளிம்பு நிற்க வேண்டிய இடத்தில் சுதர்ஷினி கரித்துண்டால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுகிற கை. கோடு நேராக வந்தது. பாரத்துக்கு ஆள் வேண்டுமே, அதற்கு மாமா.

மாமா காரில் ஏறினால் பின்சீட்டில் இடது பக்கம்தான். முன்னால் உட்காரவே மாட்டார். நாற்பது வருசம் தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்று, தோட்டத்துத் துரை காரில் அந்தப் பக்கமாக உட்கார்ந்து போவதைப் பார்த்த மனுசன். "தொரை ஏறியாச்சு, எடுடா வண்டிய" என்று அவரே சொல்லிக்கொள்வார். அன்றைக்கு மகன் அவரை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி உயிரை வாங்கிவிட்டான். "பெத்த அப்பன எடக்கல்லா ஆக்கிட்டான் பாரு" என்று மருமகளிடம் முறைப்பட்டார். ஆனால் அவருக்கு அது பிடித்திருந்தது. அவர் ஏறியதும் வெளிச்சம் கோட்டுக்கு மேலே துள்ளும். ஒரு மூச்சு விடுகிற நேரத்தில், மெதுவாக இறங்கிக் கோட்டில் வந்து நிற்கும். உள்ளே இருப்பவருக்கு விளிம்பு சரியாகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "இப்ப எங்கம்மா நிக்குது?" "கோட்டுல நிக்குது மாமா." அவரால் தள்ளப்பட்டு எதுவோ நகர்கிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

இப்போது ஊர்வலத்தோடு போன வண்டி திரும்பி வந்தது. விஜேந்திரன் அதை எப்போதும் நிற்கிற இடத்தில், கோடிச் சுவருக்கு எதிரே நிறுத்தி, பனியாக இருக்கிறதே என்று லைட்டை அணைக்காமல் இறங்கிக் கைகால் கழுவப் போனான். சுதர்ஷினி சுவரைப் பார்த்தாள். வெளிச்சத்தின் விளிம்பு கரிக்கோட்டுக்குக் கீழே, இரண்டு விரல் அகலம் தாழ்ந்து நின்றது. அவள் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

மாமா போன அந்தக் காலையை அவள் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

விடிந்தும் விடியாத நேரத்தில் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். வேர்த்து ஊற்றியது. மாமி ரெங்கம்மா அப்போது மகள் பேறுகாலத்துக்காகப் பண்டாரவளையில் இருந்தாள். ரஜீவ் வண்டியை எடுத்தான். சுதர்ஷினி பின்னால் அவரோடு ஏறப் போனாள். அவர் விடவில்லை, கால் நீட்டிப் படுக்க வேண்டும், நீ முன்னால் போ என்றார். அந்த நிலையிலும் தலையை இடது பக்கத்துக் கதவோரம்தான் வைத்தார். அவள் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டி அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். பதுளை ரோடு முழுக்கப் பனி. அந்த வெள்ளை வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. ரஜீவ் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான்.

பைனஸ் மரக்காட்டுக்குப் பக்கத்தில் மதகு வளைவு வந்தபோது மாமா தெளிவாகப் பேசினார்.

"திருப்புடா தம்பி. வீட்டுக்குப் போயிருவோம்."

"பேசாமப் படுத்திருங்கப்பா. வந்துருச்சு" என்றான் ரஜீவ். வந்துவிடவில்லை, இன்னும் பாதி வழி இருந்தது.

அப்போதுதான் லைட்டு இறங்கியது. மேடு பள்ளம் ஒன்றும் இல்லை. ரோட்டில் நீண்டு கிடந்த வெளிச்சம் யாரோ பிடித்து இழுத்தது போலச் சுருங்கி, காரின் மூக்குக்குக் கிட்டே வந்து நின்றது. பின்னால் பாரம் கூடிவிட்டது. உயிர் போனால் உடம்பு கனக்கும் என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். பாடை தூக்கியவர்கள் எல்லாரும் அதற்குச் சாட்சி. சுதர்ஷினி திரும்பிப் பார்த்தாள். மாமாவின் கண் பாதி திறந்து சன்னல் பக்கம் இருந்தது. முழங்கால் சூடாகத்தான் இருந்தது. அவள் ரஜீவைப் பார்த்தாள். அவன் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து லைட்டுச் சுவிட்சைத் தொட்டான், ஒன்றும் செய்யாமல் திரும்ப வைத்தான். அவனும் பார்த்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும். அதனால் இருவரும் பேசாமல் பதுளை வரைக்கும் போனார்கள். அவள் கையை அந்த முழங்காலிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டிராலியில் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து இல்லை என்று தலையை ஆட்டினார். நெஞ்சை அமுக்கியதையே ரஜீவ் பிடித்துக்கொண்டான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் போனார், உயிரோடுதான் கொண்டு போனேன், நெஞ்சை அமுக்கினார்களே. கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

எங்கே வைத்து உயிர் போனது என்பது தோட்டத்து ஆட்களுக்குச் சும்மா கேட்கிற கேள்வி அல்ல. வீட்டில் சாகாதவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். உயிர் பிரிந்த இடத்துக்குப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த இடத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து விளக்குக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கருமாதி வரைக்கும் அந்தக் கல்தான் ஆள். காலையில் அதற்குத் தேத்தண்ணி வைக்க வேண்டும். ரஜீவ் சொன்னதைக் கேட்டு, மாமாவின் தம்பி கந்தப்பன் ஆஸ்பத்திரி வாசலோரம் போய் நின்று அண்ணன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கோழி முட்டை அளவில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு சவப்பெட்டி வந்த வேனிலேயே வந்தார். வழியில் கல்லோடு பேசிக்கொண்டே வந்ததாகவும், பாலத்தில் பாலம் வருகிறது என்றும் வளைவில் வளைவு வருகிறது என்றும் சொன்னதாகவும் அவர் விவரித்தார். முறையில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை.

மாமி பண்டாரவளையிலிருந்து வந்து பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். அழுது முடித்து எழுந்து விளக்கடிக்குப் போனாள். கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சுதர்ஷினியிடம் மெல்லக் கேட்டாள், கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று. ரஜீவ் முந்திக்கொண்டு, ஒன்றும் சொல்லவில்லை என்றான். சுதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் மாமி கல்லுக்குத் தேத்தண்ணி வைத்தாள். வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து, புது ஆள் முன்னால் இருப்பது போல முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வேற ஆள் வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு புள்ள. இது அவரு இல்ல."

துக்கத்தில் சொல்கிறாள் என்று சுதர்ஷினி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்று முழுவதும் விளக்கு இருந்த மூலைக்கு அவளும் முதுகைக் காட்டவில்லை.

அன்று பசறைக்குச் சாமான் வாங்கப் போக வேண்டியிருந்தது. ரஜீவ் காரை எடுத்தான், அவள் முன்னால் ஏறினாள். பக்கத்து லயத்துப் பெரியாயி கிளினிக்குப் போக ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இடது பக்கக் கதவுதான் கிட்டே. அதைத் திறந்தாள். உள்ளே பார்த்தாள். மூடிவிட்டு, முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டு காரைச் சுற்றிப் போய் வலது பக்கமாக ஏறிக் கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். ஏன் ஆத்தா சுத்திப் போனீங்க என்று சுதர்ஷினி கேட்டாள். "அந்தப் பக்கம் எடமில்லன்னு நெனைச்சேன்" என்றாள் பெரியாயி. சொன்ன பிறகு அவளே பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

ரஜீவ் கண்ணாடியைப் பார்த்து ஓட்டினான். தேவைக்கு மேலேயே பார்த்தான்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்த பிறகு அஸீஸ் நானா துக்கம் விசாரிக்க வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்ததும் ரஜீவ் அவரை வெளியே அழைத்துப் போய் லைட்டைப் பார்க்கச் சொன்னான். மத்தியானப் பனி மறுபடியும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. காரை ஸ்டார்ட் செய்து லைட்டைப் போட்டார்கள். குனிந்தது, நிமிர்ந்தது, கோட்டுக்குக் கீழே இரண்டு விரலில் நின்றது.

அஸீஸ் நானா சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். கம்பி வளையவில்லை, எதுவும் கழலவில்லை. டிக்கியைத் திறக்கச் சொன்னார். உதிரிச் சில்லையும் ஜாக்கியையும் இறக்கி வைத்தார்கள். வெளிச்சம் நகரவில்லை. பிறகு தன் பையிலிருந்த மெஷினைக் காரில் சொருகிப் பார்த்தார். பழுது என்று அது ஒன்றும் காட்டவில்லை.

"சென்சர் சரியாத்தான் வேல செய்யுது தம்பி. பின்னால ஆள் இருக்குன்னு சொல்லு..."

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. கையைத் துணியில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். சில நேரம் கம்பி இறுகிப்போவதும் உண்டு, தானாகவே விட்டுக்கொடுப்பதும் உண்டு, அடுத்த கிழமை வேறு ஒன்று கொண்டுவந்து மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கை எடுத்தார். போகும்போது காருக்குப் பின்பக்கமாகப் போகாமல் சுவர்ப் பக்கமாகச் சுற்றிப் போனார்.

மாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து சுவரைப் பார்த்தாள். கோட்டைத் தொட்டாள், பிறகு விரலை வெளிச்சத்தின் விளிம்பு வரைக்கும் இறக்கினாள். இது எந்த அளவு என்று கேட்டாள். மாமா உட்கார்ந்தால் லைட்டை இறக்குகிற அளவு என்று சுதர்ஷினி சொன்னாள்.

மாமி மகன் பக்கம் திரும்பினாள்.

"எங்கடா விட்ட அவர?"

"ஆஸ்பத்திரியிலம்மா. நெஞ்ச அமுக்கினாங்க..."

அவன் முகத்தைப் பார்க்கச் சுதர்ஷினிக்குப் பாவமாக இருந்தது. மூன்று நாளாக அவன் சாப்பிடவில்லை. இப்போது வாயைத் திறந்தால் அவனுடைய ஒரே பிடிமானத்தைப் பிடுங்கியது போல ஆகிவிடும். அப்புறம் அவன் அவளை மன்னிப்பானோ என்னவோ. திறக்காவிட்டால் மாமா இந்த வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு ஹயர் ஓட வேண்டியதுதான். சுவரில் வெளிச்சம் அசையாமல் நின்றது.

"மதகு வளைவுல மாமி" என்றாள். "அங்கதான் லைட்டு எறங்கிச்சு. நாங்க ரெண்டு பேருமே பார்த்தோம். திருப்புடா, வீட்டுக்குப் போயிருவோம்னு சொன்னாரு. அதுக்கப்புறம் பேசல."

ரஜீவ் படியில் உட்கார்ந்துவிட்டான். அவளை அவன் திட்டவில்லை. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, திருப்பியிருக்கலாம், திருப்பியிருக்கலாம் என்று மட்டும் சொன்னான். மாமி அவன் தலையில் கையை வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தானடா கொண்டு போன. வேற எங்கயும் கொண்டுபோயி விடலியே. எந்திரி. வண்டிய எடு."

பிறகு உள்ளே போய்க் கல்லை எடுத்து வந்தாள். இத்தனை நாள் வணங்கிய கல்லை இப்போது முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் எத்தனையோ பேர் நின்றுகொண்டிருப்பார்கள். கந்தப்பன் கூப்பிட்டபோது அதில் யார் வந்து ஏறிக்கொண்டார்களோ. மூன்று நாளாக யாருக்குத் தேத்தண்ணி வைத்தார்கள்? மாமி அதைத் தூக்கி எறியவில்லை. வெள்ளைத் துணியில் பொதிந்து வெளித் திண்டில் வைத்தாள், பக்கத்தில் தண்ணீரும் வைத்தாள். அவுங்க வீட்டுலயும் தேடிக்கிட்டிருப்பாங்க என்றாள். நாளைக்கே எடுத்த இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லிக் கந்தப்பனுக்கு ஆள் அனுப்பினாள். பஸ்ஸிலா கொண்டு போவது என்று மட்டும் அவர் கேட்டு அனுப்பினார்.

மதகு வளைவில் பனி மதகை மூடியிருந்தது. கறுப்பும் வெள்ளையும் பூசிய கட்டை மட்டும் தெரிந்தது. அடியில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது, தண்ணீர் தெரியவில்லை. பைனஸ் மரங்கள் முதல் வரிசையோடு முடிந்துபோயின. ரஜீவ் எஞ்சினை அணைக்காமல் இறங்கினான். மாமியும் சுதர்ஷினியும் இறங்கினார்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மாமி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். மருமகளும் சொல்லக் கூடாது. ரஜீவ், "அப்பா" என்றான்.

"பேரச் சொல்லிக் கூப்பிடு" என்றாள் மாமி. "இந்த ரோட்டுல அப்பான்னா எத்தனையோ பேரு திரும்பிப் பார்ப்பாங்க."

சுதர்ஷினியின் கண் அவளை மீறிப் பள்ளத்துப் பக்கம் போனது. அங்கே பனி மட்டும்தான் இருந்தது. ஆனால் அது இவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. தண்ணீர்ச் சத்தம் கூடக் கொஞ்சம் தணிந்ததாக அவளுக்குப் பட்டது.

ரஜீவ் வாழ்நாளில் சொல்லாத சொல்லைச் சொன்னான். "ரெங்கசாமி." பெயர் பனிக்குள் போனது. எதிரொலி வரவில்லை. அவன் மரியாதையும் பெயரும் கலந்து மறுபடியும் சொன்னான். "ரெங்கசாமி, வீட்டுக்கு வாங்க. திருப்பிட்டேன்."

மாமி குனிந்து மதகோரத்தில் ஒரு கல்லை எடுத்தாள். இடது பக்கப் பின்கதவைத் திறந்து அதைச் சீட்டில் வைத்தாள். கதவைப் பார்த்து மூடினாள், உள்ளே ஆள் கை வைத்திருந்தால் மூடுகிற மாதிரி.

அந்த வளைவில் யாரும் வண்டி திருப்புவதில்லை. ரோடு அவ்வளவு ஒடுக்கம். ரஜீவ் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடியும் முன்னால் போனான். கார் குறுக்கே நின்ற ஒரு கணம் வெளிச்சம் பள்ளத்தின் மேல் போனது. விழுவதற்கு ஒன்றும் இல்லாமல், வெள்ளையாக, பனியிலேயே நின்றது. கீழேயிருந்து வந்த பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு காத்திருந்தது. பிறகு மரங்கள் வந்தன, மண் திட்டு வந்தது, கடைசியில் வந்த வழி முன்னால் நீண்டது.

போகும்போது அவன் வேகம் எடுக்கவில்லை. மாமி முன்னால் இருந்தாள். சுதர்ஷினி பின்னால், வலது பக்கம். பக்கத்தில் கல் இருந்தது. வளைவுகளில் அது உருள வேண்டும், உருளவில்லை. அவள் ஒரு தடவை கையை நீட்டி, ஒரு முழங்கால் இருக்கக்கூடிய உயரத்தில் வைத்தாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்படி வைத்திருக்கக் கை வலித்தது, ஆனாலும் லயம் வரும் வரைக்கும் எடுக்கவில்லை. பயம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

கோடிச் சுவருக்கு எதிரே, எப்போதும் நிறுத்துகிற இடத்தில் ரஜீவ் நிறுத்தினான். லைட்டை அணைக்கவில்லை. சுதர்ஷினி இறங்கிப் போய்ச் சுவரோரம் நின்றாள். விளிம்பு கோட்டுக்குக் கீழே இரண்டு விரலில்தான் நின்றது. அவள் கொஞ்சம் காத்திருந்தாள். அது அப்படியே நின்றது.

மாமி முன்கதவு வழியாக இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். பின்கதவை அகலமாகத் திறந்தாள். துரைக்குக் கதவு பிடிப்பது போல ஓரமாக நின்றாள்.

"எறங்குங்க. வீடு வந்திருச்சு."

ரஜீவ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்தான். மாமி அவசரப்படவில்லை. மூட்டு வலிக்காரர் இறங்க எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே குனிந்து கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

சுவரில் வெளிச்சம் அசைந்தது. மெதுவாக, கை ஊன்றி எழுகிறவர் எழுவது போல மேலே ஏறியது. கரிக்கோடு வரைக்கும் வந்தது, அதில் நின்றது.

"கோட்டுல நிக்குது" என்றாள் சுதர்ஷினி. அவளை யாரும் கேட்கவில்லை.

ரஜீவ் லைட்டை அணைத்தான். மாமி கதவை மூடிவிட்டு வாசலுக்கு நடந்தாள். படியில் ஏறி, நிலைக்கதவில் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தானும் உள்ளே போனாள்.